ஞாயிற்றுக்கிழமை வரை நடக்காதே

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, பெற்ற தகப்பனின் கண்ணெதிரிலேயே, பட்டாணி நடந்துவிட்டாள்.

முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் என்ன நினைத்தாளோ, கையை விட்டாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். வந்து அப்பாவின் மாவுக்கட்டுக் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

பதினோரு மாதக் குழந்தை முதல் அடி வைத்தால் எந்த அப்பனும் கூப்பாடு போட்டு நாலு பேரைக் கூட்டுவான். பட்டாணியின் அப்பாவான லிஃப்ட்காரரோ, தாம் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினார்.

"என்ன காரியம்டி பண்ணிட்ட பட்டாணி? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைடி," என்றார்.

பட்டாணிக்குக் கிழமை பற்றியெல்லாம் அக்கறை இல்லை. சாத்திய ஜன்னலைக் காட்டி "ஆ" என்றாள்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பட்டாணியின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். காலை ஏழே காலுக்குப் போனால் திரும்பி வர ஏழு மணி. அதற்குள் குழந்தை தூங்கிவிடும். தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மட்டும் அது அவள் கைக்கு வரும். அந்த அரை மணியில் பாதி, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்பதில் போகும்.

பிள்ளைப்பேற்று விடுப்பும் அதோடு சேர்த்து எடுத்த சம்பளமில்லாத விடுப்பும் முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில்தான் லிஃப்ட்காரர் காலை உடைத்துக்கொண்டார். பதினைந்து வருஷமாகப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்க அதன் குழிக்குள் ஏறி இறங்கி ஒரு கீறல் படாத மனிதர், வீட்டில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறி விழுந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆனை முக்காலியில் ஏறாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. எப்படியோ, பகலில் குழந்தையை யாரிடம் விடுவது என்று புலம்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பதில் கிடைத்தது.

இப்போது ஆறாவது வாரம். இந்த ஆறு வாரத்தில் மகள் முதன்முதலாகச் செய்ததில் இரண்டை மனைவி தவறவிட்டிருந்தாள்.

முதலாவது, பல். பல் முளைத்ததை அவர் மத்தியானப் போனில் ஆசையாகச் சொன்னார். "அப்படியா?" என்றாள். சாயங்காலம் வந்து, தூங்குகிற குழந்தையின் கீழுதட்டை இழுத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பட்டாணி போட்ட அலறலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

இரண்டாவது, கைதட்டல். அதையும் அவர் போனில்தான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் கைதட்டினாள். பட்டாணி ஒரு விழாவுக்கு வந்த தலைவரைப்போல அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். மனைவி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிறைகிற சத்தம் இல்லாமல் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் காலோடு எழுந்து போய்க் கதவைத் தட்டக்கூட அவரால் முடியவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நடை அவளுக்கு. பட்டாணி முதன்முதலாக நடப்பதைப் பெற்றவள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அதுவரை குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ரெண்டு அடி கணக்குல வராது," என்று பட்டாணிக்கு அவர் விளக்கினார். "லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னா வந்து சேர்ந்ததா எழுத மாட்டாங்க. புரியுதா?"

பட்டாணி முக்காலிக்குத் திரும்பிப் போனாள். நடந்துதான் போனாள்.

அவர் முக்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அது தராசு அம்மா கொடுத்தது. மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்து, அட்டையில் குறித்துக்கொண்டு போகும் சுகாதாரப் பணியாளர் அவர். பொம்மைக் கடைக்குப் போக வேண்டாம், வீட்டில் கிடக்கிற சாமானே போதும், விளையாட விளையாட அறிவு வளரும் என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுத்திருந்தார். காலி டப்பா, கரண்டி, துணிப்பந்து, அட்டைப்பெட்டி என்று வரிசையாகப் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை பிறந்தது.

காலி பாட்டிலில் ஒரு பிடி பருப்பைப் போட்டு மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தார். பட்டாணி குலுக்கினாள். சத்தம் கேட்டது. மறுபடி குலுக்கினாள். பத்து நிமிஷம் அறிவு வளர்ந்தது. அதற்கப்புறம் பாட்டிலைத் தூக்கி எறிந்தாள். அது உருண்டு அறையின் மறுகோடிக்குப் போனது. அவள் எழுந்து மூன்றடி நடந்து போய் எடுத்துவந்தாள்.

"தவழ்ந்து போக மாட்டியா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே தவழ்ந்த?"

அன்று சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "இன்னிக்கு என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமேவா?"

"உக்காந்திருந்தா."

"எந்திரிச்சு நிக்கக்கூட இல்லையா?"

"நிக்கறதா? அவளா? ஒரு இடத்துல உக்காந்தா உக்காந்த இடம்தான்."

மனைவியின் முகம் வாடிப்போனது. பாவம், எதையோ தவறவிடுகிறோம் என்ற ஏக்கம் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இந்த முகம் எப்படி மாறப் போகிறது என்று எண்ணிப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

புதன்கிழமை அவர் எழுந்து நாற்காலிக்கு வந்தபோது, கட்டிலுக்கடியில் தள்ளிய முக்காலி நடு அறையில் நின்றது. தரையில் போட்டு வைத்த டப்பாக்களும் கரண்டிகளும் கட்டில் விளிம்பில், குழந்தை எழுந்து நின்றால் மட்டும் எட்டுகிற உயரத்தில் வரிசையாக இருந்தன. அவர் காலி செய்து மடித்து வைத்த அட்டைப்பெட்டியில் பழைய பத்திரிகைகளை நிரப்பி, தள்ளினால் கவிழாத கனத்தில் வைத்திருந்தார்கள். மனைவி வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு சாமானை எடுத்த இடத்துல வைக்கிற பழக்கமே கிடையாது," என்றார்.

பட்டாணி அதற்குள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போயிருந்தாள்.

இனி தண்ணீர்தான் வழி என்று தீர்மானித்தார். அகலமான தட்டில் தண்ணீர், ஒரு கரண்டி, இரண்டு மூடி. தாளில் ஏழாவது படம். பட்டாணி உட்கார்ந்தாள். மொண்டாள், ஊற்றினாள், மறுபடி மொண்டாள். இருபது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. மிச்ச நாலு நாளையும் இந்த ஒரு தட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று அவர் கண்ணை மூடினார். மூடியது ஒரு நிமிஷம்தான் இருக்கும். காலில் சில்லென்று உணர்ந்து திறந்தபோது, பட்டாணி இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி அவருடைய மாவுக்கட்டின்மேல் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டு ஊற்றினாள்.

மாவுக்கட்டு ஊறியது. அவர் மின்விசிறியை இழுத்துவைத்து, காலை அதன் முன்னால் நீட்டினார். நீட்டிய காலுக்கு முட்டாக நல்ல காலையும் தூக்கியதால் நாற்காலிக்குத் தரையில் பிடிமானம் போய்விட்டது. அதைப் பட்டாணி கவனித்தாள். பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். தள்ளினாள். சக்கரம் நகர்ந்தது.

"ஏய், வேண்டாம்டி. விடு. பட்டாணி."

மற்ற வீடுகளில் பிள்ளைக்கு நடைவண்டி வாங்கித் தருவார்கள். பட்டாணி தகப்பனையே நடைவண்டி ஆக்கிக்கொண்டாள். ஈரக்காலைத் தூக்கிக்கொண்டு அவர் கூடத்தைக் கடந்து, காலணி அலமாரியை உரசி, வாசல் கதவில் முட்டி நின்றார். அதே நேரம் அழைப்புமணி அடித்தது. அவரே எட்டித் திறக்க வேண்டியதாயிற்று.

வெளியே கேன்காரர் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். விடிவதற்கு முன் வண்டியை எடுத்தால் இருட்டியபின்தான் வீடு திரும்புகிறவர். லிஃப்டில் தண்ணீர் கேன் ஏற்றக்கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம். அதனால் தினமும் நாலு மாடி ஏறி இறங்குவார். மூச்சு வாங்கிக்கொண்டு கேனை வாசலில் இறக்கினார்.

பட்டாணி நாற்காலியை விட்டுவிட்டு, நாலு அடி நடந்து போய், கேனைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க எதையும் பாக்கல," என்றார் லிஃப்ட்காரர்.

"என்ன சார்?"

"இவ நடந்ததை. எங்க வீட்டம்மா கேட்டா மூச்சு விடாதீங்க. அவதான் முதல்ல பாக்கணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது நடக்கல."

கேன்காரர் குழந்தையைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, காலி கேனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி சார். இந்த வீட்டுல நான் எதையுமே பாக்கறதில்ல."

வியாழக்கிழமை அவர் பட்டாணிக்கு இரண்டு ஜோடி காலுறையை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினார். வழுக்கும், நிற்க முடியாது என்பது திட்டம். அவள் நாலையும் கழற்றி, ஒன்றைத் தின்னப் பார்த்தாள். மிச்ச மூன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சாயங்காலம் மனைவி கேட்டபோது "உக்காந்திருந்தா" என்று அவர் சொன்ன குரலில் பழைய தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தராசு அம்மா வந்தார். எடை சரி, உயரம் சரி. அட்டையைப் புரட்டினார்.

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளா?"

லிஃப்ட்காரர் பட்டாணியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தராசு அம்மாவிடம் சொன்னால் அட்டையில் ஏறும். அட்டையில் ஏறினால் சாயங்காலம் மனைவி படிப்பாள்.

"இல்லீங்க," என்றார்.

"தளர்நடை கூட இல்லையா? பிடிச்சுக்கிட்டாவது?"

"இல்லீங்க."

பட்டாணி மடியிலிருந்து நழுவிக் கால்களை உதைத்தாள். தராசு அம்மா உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார், கடைசியில் லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

"கால்ல பலம் இருக்கு. ஆனா நிக்கலைங்கறீங்க. எதுக்கும் திங்கட்கிழமை பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சீட்டு எழுதித் தரேன். தாள்ல போட்டிருக்கற விளையாட்டையெல்லாம் விளையாடுறீங்கதானே?"

"அதைத்தான் விளையாடுறோம்," என்றார் அவர், வருத்தத்தோடு.

சாயங்காலம் மனைவி சீட்டைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"நிக்கவே இல்லைன்னா சொன்னீங்க?"

"நிக்கலையே. நான் என்ன பண்றது?"

"நாள் பூரா வீட்டுலதானே இருக்கீங்க? கண்ணைத் திறந்து குழந்தையைப் பாக்கறீங்களா, தூங்கறீங்களா?"

"ஒரு கண்ணைக்கூட மூடறதில்ல."

"அப்புறம் எப்படிங்க ஒண்ணுமே தெரியாம இருக்கும்?"

"மெதுவா சொல்லு. அவ எந்திரிச்சுடப் போறா."

"எந்திரிச்சா நல்லதுதான். அப்பவாவது நீங்க பாப்பீங்க."

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் இத்தனை பொய் சொன்னதில்லை. எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் இதுவும் பல்லோடும் கைதட்டலோடும் சேர்ந்துவிடும். நடுவில் இன்னும் ஒரே ஒரு நாள்தான் என்று வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமையும் ஒருவாறு போயிற்று. பட்டாணி மட்டும் அன்றைக்கு ஓடவும் பழகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட்காரர் முகம் மழித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவியும் காரணம் சொல்லாமல் நல்ல புடவை கட்டியிருந்தாள். அறையின் ஒரு கோடியில் அவர் நாற்காலியில், மறு கோடியில் அவள் தரையில், நடுவில் பட்டாணி.

"அம்மாகிட்ட போ பட்டாணி," என்றார்.

"அப்பாகிட்ட போடா செல்லம்," என்றாள் அவள்.

"ஞாயித்துக்கிழமைதானே அம்மா இருக்கா. அம்மாகிட்ட போ."

"அப்பா பாவம்டா, கால் வலி. அப்பாகிட்ட போ."

பட்டாணி இரண்டு பேரையும் பார்த்தாள். ஐந்து நாளாக எதைச் செய்ய வேண்டும் என்று தகப்பன் தவம் கிடந்தாரோ, அதைச் செய்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

பருப்பு பாட்டிலைக் குலுக்கினார்கள். கரண்டியால் டப்பாவைத் தட்டினார்கள். தண்ணீர்த் தட்டைக் காட்டினார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. பட்டாணி தன் கால் கட்டைவிரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி இது? நேத்து ஓடினியேடி," என்றார் லிஃப்ட்காரர், அழாக்குறையாக.

மனைவி டப்பாவைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"நேத்தா?"

அவர் அவசரமாகப் பருப்பு பாட்டிலை எடுத்துக் குலுக்கினார்.

"என்னங்க, இவ நடக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"போன வாரம் சனிக்கிழமை விடிகாலையில, நான் வேலைக்குக் கிளம்புறப்ப. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. முக்காலிலேர்ந்து கதவு வரைக்கும் நடந்தா. நீங்க எப்ப பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை. அப்ப அந்த முக்காலி, பெட்டி எல்லாம்?"

"நான்தான் வெச்சேன். எப்படியாவது உங்க கண்ணுல படட்டும்னு. தினம் சாயங்காலம் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு வந்தா, உக்காந்திருந்தா, உக்காந்திருந்தான்னு…"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மாவுக்கட்டுப் போட்டு வந்த அன்னிக்கு, இனிமே இவளைத் தூக்கிட்டு ரெண்டு அடி நடக்க முடியாதேன்னு அழுதீங்கல்ல. அதான். அவளாவே உங்ககிட்ட நடந்து வரட்டும், அதை நீங்களே முதல்ல பாக்கட்டும்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளருகே போனார்.  அவள் தலையில் கையை வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எப்படியோ, நான் நினைச்சதுதான் நடந்துச்சு. நீதான் முதல்ல பாத்திருக்க. ஜெயிச்சது நான்."

"அது எப்படி? நான் நினைச்சது நீங்க முதல்ல பாக்கணும்னு."

"சனிக்கிழமை முன்னாடி வருதா, செவ்வாய்க்கிழமை முன்னாடி வருதா?"

"காலையில தூக்கக் கலக்கத்துல நடந்ததெல்லாம் கணக்குல வராது. செவ்வாய்க்கிழமைதான் நெஜ நடை."

"தூக்கக் கலக்கத்துல நடந்தாங்கறதுக்கு சாட்சி யாரு?"

"சாட்சி இருக்கு," என்றாள் அவள். "சனிக்கிழமை வாசல்ல கேன்காரர் நின்னாரு. அவர்கிட்ட வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அவர்கிட்ட நானும் சொல்லியிருக்கேனே."

கதவு திறந்துதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கேனோடு கேன்காரர் நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்த மூச்சு கேட்டது. இருவரும் ஒரே குரலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் லிஃப்ட்காரர். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. சனிக்கிழமை இவ பாத்ததுதானே முதல் நடை?"

கேன்காரர் கேனைக் கீழே வைத்தார். முக்கால் மணி நேரமாக எதற்கும் அசையாத பட்டாணி எழுந்தாள். பெற்றவர்கள் இருவரையும் தாண்டி நேராக நடந்து போய் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் தலையைத் தொட்டார்.

"சனிக்கிழமை இல்ல சார், அதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை விடிகாலையில. அம்மா காலி கேன் எடுக்க உள்ள போயிருந்தாங்க, அப்ப இதே மாதிரிதான் மூணடி வெச்சு எங்கிட்ட வந்தா. சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடுமேன்னு சொல்லல. எனக்கு மூணு பிள்ளைங்க சார். மூணு பேரும் நடந்ததை ராத்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கண்ணால பாத்தது இவளை மட்டும்தான்."